வேக்யூம் இழுக்கவில்லை, தண்ணீர் தெளியவில்லை: மணல் ஃபில்டர் உள்ள நீச்சல் குளத்தில் கோளாறைத் தேடும் முறை

நீச்சல் குளத்துத் தண்ணீர் கலங்கிவிட்டால் முதலில் கை போவது குளோரின் டப்பாவுக்குத்தான். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நான் பார்க்கும் கலங்கல் புகார்களில் பாதிக்கு மேல் மருந்து குறைந்ததால் வருவதில்லை, தண்ணீர் ஓட வேண்டிய அளவு ஓடாததால் வருகின்றன. ஓட்டம் சரியில்லாத குளத்தில் எவ்வளவு மருந்து கொட்டினாலும் பணம்தான் கரையும். அதனால் குளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பம்ப் ரூமைப் பாருங்கள்.

தண்ணீர் போகும் வழியை மனதில் வைத்துக்கொண்டால் தேடுவது எளிது. குளத்திலிருந்து ஸ்கிம்மர் (மேல்தண்ணீரை இழுக்கும் சுவர் வாய்) அல்லது பேலன்சிங் டேங்க் (குளத்திலிருந்து வழியும் தண்ணீர் சேரும் தொட்டி), அங்கிருந்து சருகைப் பிடிக்கும் பம்பின் ஸ்ட்ரெய்னர் கூடை, பம்ப், பிறகு தண்ணீரின் வழியைக் கைப்பிடியால் மாற்றும் மல்ட்டிபோர்ட் வால்வு, மணல், கடைசியில் சுவரிலுள்ள இன்லெட் வழியாக மறுபடி குளம். பம்புக்கு முன்னால் உள்ளது உறிஞ்சும் பக்கம். அதில் ஓட்டை விழுந்தால் பம்ப் ஓடும்போது காற்று உள்ளே வரும். பம்புக்குப் பின்னால் ஓட்டை என்றால் தண்ணீர் வெளியே கசியும். இந்த ஒன்றை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதியைச் சொல்வது ஃபில்டர் மேலுள்ள பிரஷர் கேஜ். நன்றாக பேக்வாஷ் செய்து (தண்ணீரை மணல் வழியாக எதிர்த் திசையில் ஓட்டி அழுக்கை வெளியேற்றி), கூடையைச் சுத்தம் செய்து, எல்லா வால்வும் வழக்கமான நிலையில் இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை மார்க்கர் பேனாவால் தொட்டியின் மேலேயே எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் குளத்தின் சுத்த அழுத்தம். பக்கத்துக் குடியிருப்பின் எண் உங்களுக்கு உதவாது. குழாயின் நீளம், பம்பின் திறன், ஃபில்டரின் அளவு எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. அதிலிருந்து சுமார் அரை பார், அதாவது 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் மணலில் அழுக்கு சேர்ந்துவிட்டது, பேக்வாஷ் செய்ய வேண்டும். சுத்த அழுத்தத்தைவிடக் கீழே இறங்கினால் பம்புக்குப் போதிய தண்ணீர் வரவில்லை. ஃபில்டர் குளத்துத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இல்லாமலிருந்து, பம்பை நிறுத்திய பிறகும் முள் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை என்றால் கேஜே கெட்டுவிட்டது. வேறு எதையும் பிரிப்பதற்கு முன் அதை மாற்றுங்கள்.

வேக்யூம் ஆரம்பத்திலிருந்தே இழுக்கவில்லை

வேக்யூம் என்பது பம்பின் இழுப்பால் குளத்துத் தரையிலுள்ள அழுக்கை ஹோஸ் வழியாக உறிஞ்சுவது. அது இழுக்காவிட்டால் பெரும்பாலும் ஹோஸில் காற்று இருக்கும். வேக்யூம் தலையைக் கம்பில் மாட்டி, ஹோஸைப் பொருத்தி, தரையில் இறக்குங்கள். ஹோஸின் மறுமுனையைத் தண்ணீர் வரும் இன்லெட்டில் அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் காற்று தலை வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறும். குமிழ் முழுவதும் நின்ற பிறகு, முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல் அப்படியே வேக்யூம் பாயின்ட்டில் (ஹோஸ் மாட்டும் உறிஞ்சும் துளையில்) செருகுங்கள். அப்புறம் வால்வுகள். வேக்யூம் லைன் திறந்திருக்க வேண்டும், மெயின் டிரெயின் (குளத்தின் அடியிலுள்ள உறிஞ்சும் வாய்) மற்றும் பேலன்சிங் டேங்க் வால்வுகளை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். பம்ப் எப்போதும் எளிதான வழியில்தான் இழுக்கும். பேலன்சிங் டேங்க் முழுதாகத் திறந்திருந்தால் இருபது மீட்டர் ஹோஸ் வழியாக அது ஏன் இழுக்கப் போகிறது?

இது சரியாக இருந்தும் இழுப்பு இல்லையா? பம்பை நிறுத்தி ஸ்ட்ரெய்னர் கூடையைப் பாருங்கள். மழைக்காலத்தில் வேப்பிலைச் சருகும் முடியும் சேர்ந்து அடியில் கெட்டியாக அப்பிக்கொள்ளும். மேலே பார்த்தால் கூடை காலி போலத் தெரியும், கையை விட்டால்தான் தெரியும். கூடையில் விரிசல் இருந்தால் இலைக்காம்பு பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லர் வரை போய்விடும், பிறகு பம்பைப் பிரிக்காமல் அது வராது. விரிசல் விட்ட கூடையைக் கம்பி கட்டி ஓட்டாதீர்கள்.

அடுத்தது ஹோஸ். நம் ஊர் வெயிலில் மொட்டைமாடி ஓரமாகச் சுருட்டிப் போட்ட ஹோஸ், முனைக்குப் பக்கத்தில்தான் முதலில் வெடிக்கும். வேக்யூம் ஓடும்போது தண்ணீருக்கு வெளியே இருக்கும் பகுதியில் காதை வைத்துக் கேட்டால் சீறும் சத்தம் வரும். சேதம் முனையில் மட்டும் என்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு முனையை மறுபடி திருகிக்கொள்ளலாம். நடுவில் வெடித்திருந்தால் டேப் சுற்றுவது அன்றைய வேலையை முடிக்க மட்டுமே உதவும். சுழலும் முனை வேக்யூம் தலையில்தான் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஹோஸ் முறுக்கிக்கொண்டு மடங்கும்.

கேஜில் அழுத்தம் ஏற்கெனவே ஏறியிருந்தால் இதையெல்லாம் தேட வேண்டாம். முதலில் பேக்வாஷ், பிறகு வேக்யூம்.

ஒரு எச்சரிக்கை. வேக்யூம் ஓடும்போது குளத்தில் யாரும் இருக்கக் கூடாது, குழந்தைகள் அறவே கூடாது. வேலை முடிந்ததும் வேக்யூம் பாயின்ட்டின் மூடியை உடனே போடுங்கள். மெயின் டிரெயின் மூடி உடைந்திருந்தால் அது மாறும் வரை குளத்தைப் பூட்டுங்கள். உறிஞ்சும் துளையில் உடலோ முடியோ சிக்கினால் ஒரு பெரியவரின் பலத்தால்கூட விடுவிக்க முடியாமல் போகலாம். 2002-இல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படிச் சிக்கி இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-இல் அங்கே வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் வந்து, பொதுக் குளங்களில் பாதுகாப்பான டிரெயின் மூடிகள் கட்டாயமாயின. நம் குடியிருப்புகளில் அந்த மூடியை ஒரு முறையாவது குனிந்து பார்த்தவர்கள் குறைவு. தயவுசெய்து பாருங்கள்.

இழுக்க ஆரம்பித்துச் சில நிமிடங்களில் தளர்ந்துவிடுகிறது

கேஜ் முள் மேலே போனால் மணல் நிரம்புகிறது, கீழே போனால் கூடை நிரம்புகிறது. அதற்கேற்ப நிறுத்தி, சுத்தம் செய்து, தொடருங்கள். நிறைய இலை கிடக்கும் குளத்தில் முதலில் வலையால் அள்ளிவிட்டு வேக்யூம் போடுவதே நல்லது.

இன்லெட்டில் குமிழ் வருகிறது, பம்ப் மூடிக்குள் காற்று தெரிகிறது

உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. முதலில் தண்ணீர் மட்டம். பேலன்சிங் டேங்கில் தண்ணீர் குறைந்து குழாய் வாய் தெரிந்தால் அதுவே காற்றை உறிஞ்சும். ஸ்கிம்மர் உள்ள குளத்தில் ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும்.

மட்டம் சரி என்றால் பம்ப் மூடியின் ஓ-ரிங்கைப் பாருங்கள். கழற்றித் துடைத்து, விரல்களுக்கிடையே மெதுவாக இழுத்துப் பார்த்தால் தட்டையாகிப்போன இடமும் பொடி வெடிப்பும் தெரியும். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலே காற்று புகும். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தையும் துடையுங்கள், மணல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அதுவும் சரி என்றால், பம்ப் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஷேவிங் கிரீம் நுரையையோ சோப்பு நுரையையோ தடவுங்கள். எங்கே நுரை உள்ளே இழுக்கப்பட்டுக் குழி விழுகிறதோ அங்கேதான் ஓட்டை. ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கும் பழக்கமும் உண்டு. பம்ப் ரூமில் குளோரின் வைத்திருந்தால் அதைச் செய்யாதீர்கள், அந்த மருந்துகள் தீயை வளர்ப்பவை. பிளீச்சிங் பவுடரையும் இன்னொரு வகைக் குளோரினான டி.சி.சி.ஏ. மாத்திரையையும் ஒரே கரண்டியால் அள்ளுவதும் அதே அளவு ஆபத்து. இரண்டும் ஈரத்தோடு கலந்தால் வெடிக்கக்கூடும்.

பேஸ்மென்ட்டில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பம்ப் இருந்தால் இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. பம்பை நிறுத்திவிட்டு, வால்வுகளைத் திறந்தபடியே வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். ஓடும்போது காற்றை இழுத்த அதே இடத்தில் இப்போது தண்ணீர் சொட்டும்.

பம்ப் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, அழுத்தம் மட்டும் பாதிதான்

கூடை சுத்தம், காற்றும் இல்லை, நேற்று வரை நன்றாக இருந்தது என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி: இடையில் ஈ.பி. லைனிலோ ஜெனரேட்டர் பேனலிலோ யாராவது கை வைத்தார்களா? த்ரீ பேஸ் மோட்டாரில் இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். சென்ட்ரிஃபியூகல் பம்ப் அப்போதும் தண்ணீரைத் திருப்பி அனுப்பாது, அதே திசையில் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பம்பைப் பிரித்து, சீல் மாற்றி, மணலையும் குறை சொன்ன பிறகுதான் மோட்டார் பின்னால் இருக்கும் விசிறியைப் பார்ப்பார்கள்.

மோட்டார் உடம்பில் அம்புக்குறி இருக்கும். சுவிட்சை ஒரு நொடி போட்டு அணைத்தால், விசிறி நிற்கப்போகும்போது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரியும். அம்புக்கு எதிராகச் சுற்றினால் எலெக்ட்ரீஷியனை அழைத்து ஏதாவது இரண்டு பேஸை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் இப்படி ஆகிறதா என்பதையும் தனியாகப் பாருங்கள். எதிர்த் திசையில் நீண்ட நேரம் ஓடினால் சில பம்புகளில் மரையில் பூட்டிய இம்பெல்லர் கழன்றுவிடும். சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு இந்தக் கவலை இல்லை.

வேக்யூம் போட்ட இடத்திலேயே மறுநாள் படிந்திருக்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். எந்த மருந்தையும் எடுப்பதற்கு முன் அந்தப் படிவை ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து வாருங்கள். விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள், டம்ளரைக் கலக்கி வைத்தும் பாருங்கள்.

நறநறவென்று இருந்து, கலக்கிவிட்டதும் நொடியில் அடியில் உட்கார்ந்தால் அது மணல். குளத்திலும் இன்லெட்டுக்கு நேர் கீழே விசிறி விரித்த வடிவில் கிடக்கும். ஃபில்டரின் அடியில் லேட்டரல் என்று சொல்லும் பொடித் துளைக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உடைந்திருக்கும், அல்லது நடுவில் நிற்கும் குழாய் அசைந்திருக்கும். மணல் மாற்றிய முதல் ஓரிரு நாளில் கொஞ்சம் பொடி வருவது சகஜம், தொடர்ந்து வந்தால் தொட்டியைத் திறந்தே ஆக வேண்டும். மணலைக் கையாலோ பிளாஸ்டிக் குவளையாலோ அள்ளுங்கள், மண்வெட்டி பட்டால் மிச்ச லேட்டரல்களும் போய்விடும். திரும்பப் போடும்போது நடுக்குழாயின் வாயை பிளாஸ்டிக் பையால் கட்டி மூடி, தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு மணலைக் கொட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் மூட்டையை மேலிருந்து கவிழ்த்தால் புது லேட்டரலும் அன்றைக்கே உடையும்.

விரலில் வழவழவென்று பச்சையோ பழுப்போ ஒட்டினால் பாசி. நிழல் விழும் மூலையிலும் படிக்கட்டுக்கு அடியிலும் சுவர் வழுக்கும். இங்கே மருந்து வேண்டும். பி.எச். 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் வந்த பிறகு மாலையில் குளோரினை உயர்த்தி, சுவரை பிரஷ்ஷால் தேய்த்து, பம்பை இரவு முழுக்க ஓடவிடுங்கள். பி.எச். 8-ஐத் தாண்டிய தண்ணீரில் குளோரினின் பெரும்பகுதி செயலிழந்துதான் கிடக்கும். அடைமழைக்குப் பிறகு திடீரென்று பச்சையாவது பெரும்பாலும் இதுதான்: குளோரின் நீர்த்துப்போயிருக்கும், மின்வெட்டில் பம்பும் நின்றிருக்கும்.

மூன்றாவது வகை மாவு மாதிரித் தூசி. டம்ளரில் உட்கார நெடுநேரம் எடுக்கும். பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தால் இது நிச்சயம், செத்த பாசியும் இப்படித்தான் வரும். மணல் ஃபில்டர் சுமார் 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகளைத்தான் பிடிக்கும். அதைவிடப் பொடியானது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். வேக்யூம் போடும்போதே இன்லெட்டில் புகைபோல் கலங்கல் வருவதைப் பார்க்கலாம். எத்தனை முறை ஃபில்டர் வழியாக வேக்யூம் போட்டாலும் அதே தூசியை அதே குளத்துக்குள் சுற்றிவிடுகிறீர்கள்.

இதற்கு வழி, தூசியைத் திரட்டி வெளியே தள்ளுவது. படிகாரமோ பாலி அலுமினியம் குளோரைடோ, டப்பாவில் சொன்ன அளவைத் தண்ணீரில் கரைத்துக் குளம் முழுக்கப் பரவலாக ஊற்றுங்கள். மல்ட்டிபோர்ட் வால்வை ரீசர்குலேட்டில் (மணலைத் தொடாமல் தண்ணீரைச் சுற்றவிடும் நிலை) வைத்துக் கொஞ்ச நேரம் கலக்கவிட்டு, பம்பை நிறுத்தி இரவு முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் தூசி தரையில் வெண்போர்வையாகப் படிந்திருக்கும். இப்போது வால்வை வேஸ்ட்டில் (மணலைத் தொடாமல் தண்ணீரை வெளியேற்றும் நிலை) வைத்து வேக்யூம் போடுங்கள், அந்தக் கசடு மணலுக்குப் போகவே கூடாது. தலையை மிக மெதுவாக, சற்று ஒன்றன்மேல் ஒன்று படும்படி தள்ளுங்கள். அவசரப்பட்டால் படிந்தது எழும்பிவிடும், மறுபடி ஒரு இரவு காத்திருக்க வேண்டும். படிகாரம் பி.எச்.-ஐ இறக்கும் என்பதால் முடிந்ததும் அளந்து சரிசெய்யுங்கள்.

வேஸ்ட்டில் வேக்யூம் போடுவது தண்ணீரைக் கொட்டுவதுதான். மணிக்கு 20,000 லிட்டர் தள்ளும் பம்ப், கால் மணி நேரத்தில் 5,000 லிட்டரை வெளியேற்றிவிடும். ஒரு 12,000 லிட்டர் டேங்கரில் ஏறக்குறைய பாதி. அதனால் முதல்நாளே குளத்தைக் கொஞ்சம் கூடுதலாக நிரப்பிவையுங்கள், படிவு அதிகமுள்ள இடத்திலிருந்து தொடங்குங்கள். வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடும் முன் குளோரினையும் பி.எச்.-ஐயும் பாருங்கள்.

எந்தப் படிவும் இல்லாமல் தண்ணீர் மட்டும் மங்கலாகவே இருந்தால் பம்ப் ஓடும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 86,000 லிட்டர். மேலே சொன்ன பம்புக்கு ஒரு சுற்று நான்கேகால் மணி நேரம். ஆனால் ஒரு சுற்றில் எல்லாத் தண்ணீரும் ஃபில்டரைக் கடந்துவிடாது. சுத்தமானது அழுக்கோடு கலந்துகொண்டே இருப்பதால் சுமார் 63 சதவீதம்தான் கடக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்று சுற்றில் 95. கரன்ட் பில்லைக் குறைக்க டைமரை மூன்று மணி நேரமாக்கிய குடியிருப்பில் தண்ணீர் தெளிய வாய்ப்பே இல்லை. அந்த மிச்சம் மருந்துச் செலவிலேயே போய்விடும்.

பேக்வாஷ் செய்த மறுநாளே அழுத்தம் ஏறிவிடுகிறது

முதலில் ஃபில்டருக்குப் பிறகு வரும் ரிட்டர்ன் வால்வை யாராவது பாதி மூடிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் கேஜை ஏற்றும்.

அடுத்து பேக்வாஷ் நேரம். பலர் அரை நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வெளியேறும் தண்ணீரைக் காட்டும் சிறு கண்ணாடியான சைட் கிளாஸில் முதலில் பழுப்பாக வரும், கொஞ்சம் தெளியும், பிறகு மறுபடி கலங்கும். அந்த இரண்டாவது கலங்கல்தான் அடி மணலில் இருந்தது. அது தெளியும் வரை, பொதுவாக இரண்டு மூன்று நிமிடம், விடுங்கள். பிறகு பம்பை நிறுத்தி, வால்வை ரின்ஸில் (மணலைக் கடந்த தண்ணீரைக் குளத்துக்கு விடாமல் வெளியேற்றும் நிலை) வைத்து அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். ரின்ஸைத் தவிர்த்தால் வால்வில் தங்கிய அழுக்கு நேராகக் குளத்துக்குப் போகும். ஒரே பம்ப் ரூமில் இரண்டு மூன்று ஃபில்டர் இருந்தால் ஒவ்வொன்றாகத்தான் பேக்வாஷ் செய்ய வேண்டும். ஓட்டம் பிரிந்தால் எதிலும் மணல் எழும்பாது.

அதற்காகத் தினமும் பேக்வாஷ் செய்வதும் தவறு. கொஞ்சம் அழுக்கு தங்கிய மணல்தான் பொடியை நன்றாகப் பிடிக்கும். கேஜ் ஏறாமல் பேக்வாஷ் வேண்டாம்.

இவ்வளவும் சரி என்றால் மணலில்தான் கோளாறு. பம்பை நிறுத்தி, அழுத்தத்தை முழுதாக வெளியேற்றிவிட்டுத் தொட்டியைத் திறங்கள். நல்ல மணல் மேலே சமதளமாக இருக்கும், கையை அழுத்தினால் விரல் இறங்கும். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெயோடும் கிரீமோடும் எல்லோரும் குளத்தில் இறங்கினால் மணல் பிசுபிசுவென்று உருண்டை கட்டும். ஃபில்டர் கிளீனர் ஊற்றி ஊறவிட்டு பேக்வாஷ் செய்தால் இது பெரும்பாலும் சரியாகும், குளிப்பதற்கு முன் ஷவரைக் கட்டாயமாக்கினால் மறுபடி வராது. போர் தண்ணீரின் கடினத்தன்மையோடு பிளீச்சிங் பவுடரின் சுண்ணாம்பும் சேர்ந்தால் மணல் பாறையாக இறுகும். அப்போது தண்ணீர் ஓரத்திலோ விரிசலிலோ வழி தேடிக்கொண்டு ஓடிவிடும். கேஜ் சரியாகக்கூடக் காட்டலாம், தண்ணீர் மட்டும் வடிகட்டப்படாமல் போய்க்கொண்டிருக்கும். இறுகிய மணலை ஆசிட் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். குளோரின் மிச்சம் இருக்கும் தொட்டியில் ஆசிட் பட்டால் விஷவாயு கிளம்பும். மணலை மாற்றுங்கள். நன்றாகப் பராமரித்தாலே ஐந்திலிருந்து ஏழு வருடம்தான் அதன் ஆயுள். ஆற்று மணலோ எம்-சாண்டோ போடாதீர்கள், ஃபில்டர் தயாரிப்பாளர் சொன்ன அளவில் சலித்த சிலிகா மணல்தான்.

ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே வேஸ்ட் குழாயில் தண்ணீர் போகிறது

குளத்தின் மட்டம் தினமும் இறங்குகிறது, டைல்ஸில் கசிவு தேடுகிறார்கள், ஆனால் பம்ப் ரூமில் வேஸ்ட் குழாயின் முனை எப்போதும் ஈரமாக இருக்கிறது. மல்ட்டிபோர்ட் வால்வுக்குள் இருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட் போய்விட்டது. சக்கர ஆரம் போல உள்ள அந்த ரப்பர்தான் ஒரு வழியை இன்னொரு வழியிலிருந்து பிரித்துவைக்கிறது. பம்ப் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பினால் அது மடங்கிக் கிழியும். ஒரே ஒரு முறை திருப்பினாலும் போதும். ஒவ்வொரு முறையும் பம்பை நிறுத்தி, கேஜ் இறங்கிய பிறகு, கைப்பிடியை அழுத்தித் திருப்புங்கள்.

சில நேரம் ஒரு மணல் துகள் கேஸ்கெட் மேல் சிக்கியிருந்தாலே இப்படிக் கசியும். ஒரு முறை பேக்வாஷும் ரின்ஸும் செய்து பார்த்துவிட்டு, நிற்கவில்லை என்றால் பிரியுங்கள். மின்சாரத்தை அணைத்து, இருபக்க வால்வுகளையும் அடைத்து, மல்ட்டிபோர்ட்டின் மேல்மூடி எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு திருகுகளைக் கழற்றுங்கள். பழைய கேஸ்கெட்டின் பசையைச் சுரண்டி எடுத்து, பள்ளத்தை உலரவைத்துப் புதியதைப் பதியுங்கள். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரப்பருக்குத் தடவுவது சிலிகான் கிரீஸ் மட்டுமே, வாசலினோ வண்டி கிரீஸோ தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.